மூத்தவளிடம் கேட்டீர்களா?

கேள்வி: என் மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்து, ஒலுவில் கெம்பசுக்குப் பொறியியலுக்குத் தெரிவாகியிருக்கிறான். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி அதை விடச் சொல்கிறார். “உலகத் தரவரிசையில் தேடினாலும் கிடைக்காத இடத்தில் படித்து என்ன செய்யப் போகிறான்? இங்கே ஒரு கல்லூரி இருக்குது. 100 பேர் விண்ணப்பித்தால் 9 பேரைத்தான் எடுப்பார்கள். அதுதான் தரம்” என்கிறார். நவம்பர் 1க்கு முன் விண்ணப்பிக்க வேண்டுமாம். எடுத்தால் கட்டாயம் வருவோம் என்று மகனும் நானும் பாடசாலையும் கையெழுத்து வைக்க வேண்டுமாம். பண உதவி தேவையில்லை என்று போட்டால் வாய்ப்புக் கூடவாம். முதல் வருடச் செலவில் பாதியைத் தம்பி பார்ப்பார். மீதிக்கு மூத்த மகளுக்கென்று கட்டிய வீட்டை வங்கியில் ஈடு வைக்க யோசிக்கிறோம். உறுதி இன்னும் என் பேரில்தான் இருக்கிறது, ஆனபடியால் அதில் சிக்கல் இல்லை. மகள் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்து இப்போது ஆசிரியையாக இருக்கிறாள். வீட்டின் தரையும் குளியலறையும் அவளுடைய சம்பளத்தில் போட்டவை. என் கணவர் ஓய்வுபெற்ற இலிகிதர். எனக்கு ஒரே பயம், வீட்டு வேலை எதுவும் தெரியாத பிள்ளை அந்தத் தூரத்தில் தனியாக எப்படிச் சமாளிப்பான்?
பெயர் வெளியிட விரும்பாத தாய், களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, மகன் தனியாகச் சமாளிப்பானா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. சோறு சமைக்க ஒரு மாதத்தில் பழகிவிடலாம். உங்கள் கடிதத்தின் நடுவில் வேறு ஒரு வரி கிடக்கிறது. “உறுதி இன்னும் என் பேரில்தான் இருக்கிறது, ஆனபடியால் அதில் சிக்கல் இல்லை.” எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியைத் தாண்டிப் போகவில்லை.

வெருகலில் இருந்து பொத்துவில் வரை, தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறான். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நீங்களும் உங்கள் தாய் தந்த வளவில் இருந்துதான் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பீர்கள். (இந்த வழக்கத்தால் பெண்பிள்ளைகளைப் பெற்ற ஏழைத் தகப்பன்மார் படும் பாடும் எனக்குத் தெரியும். அதை இன்னொரு கிழமை பேசுவோம்.) மகளின் வீட்டு உறுதி தாயின் பேரில் கிடப்பது, நாள் வரும்போது பத்திரமாக அவள் கையில் கொடுப்பதற்கு. சட்டப்படி நீங்கள் கையெழுத்துப் போட்டால் வங்கி கடன் தரும், சரி. ஆனால் அந்தத் தரைக்கு மாதாமாதம் சம்பளத்தில் காசு எடுத்து வைத்தவள் யார்? 2022இல் சீமெந்து விலை ஏறி ஊரில் பாதி வீடுகள் அரைகுறையாக நின்றபோது, இளம் ஆசிரியை ஒருத்தி தன் சம்பளத்தில் குளியலறை கட்டுவது என்றால் எதையெதை விட்டுக்கொடுத்திருப்பாள்? கடிதம் முழுக்கத் தேடினேன். மகளிடம் கேட்டோம், அவள் இப்படிச் சொன்னாள் என்று ஒரு சொல்லும் இல்லை. கேட்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் பாருங்கள். தரவரிசையில் பேரில்லாத கெம்பஸ் எதற்கு என்று உங்கள் வீட்டில் பேச்சு நடக்கிறது. அப்படியான ஒரு கெம்பசில் படித்தவளின் சம்பளத்தில்தான் நீங்கள் ஈடு வைக்கப் போகும் வீடு முடிந்திருக்கிறது. தம்பி அந்தப் பேச்சுப் பேசும்போது அவளும் வீட்டில் இருந்திருப்பாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தபடி கேட்டிருப்பாள். அவள் முகத்தை யாராவது பார்த்தீர்களா?

இனி அந்த 9 சதவீதத்துக்கு வருவோம். தம்பி பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எண் எப்படி உண்டாகிறது என்று அவர் விசாரிக்கவில்லை. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், இது விளங்குவதற்காக நான் போடும் கணக்கு. ஒரு கல்லூரியில் 1,000 இடம். 20,000 பேர் விண்ணப்பிக்கிறார்கள். அனுமதி கிடைத்தவர்களில் நாலில் ஒருவர்தான் வந்து சேர்வார் என்றால், 1,000 இடத்தை நிரப்ப 4,000 பேருக்கு அனுமதி கொடுக்க வேண்டும். அது 20 சதவீதம். இப்போது அதே கல்லூரி, “எடுத்தால் கட்டாயம் வருவேன்” என்று கையெழுத்து வைத்த 500 பேரை முன்கூட்டியே எடுக்கிறது. அந்த 500 பேரும் வந்தே ஆக வேண்டும். மீதி 500 இடத்துக்கு 2,000 அனுமதி போதும். மொத்தம் 2,500, அதாவது 12.5 சதவீதம். அப்புறம், கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் பேர் விலாசத்தைக் காசு கொடுத்து வாங்கி, அழகான புத்தகமும் மின்னஞ்சலும் அனுப்பி, விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, பரீட்சைப் புள்ளியும் கட்டாயமில்லை என்று சொல்லி, இன்னும் 8,000 பேரை விண்ணப்பிக்க வைக்கிறது. 28,000 பேரில் 2,500. உங்கள் தம்பியின் 9 சதவீதம் வந்துவிட்டது. ஒரு விரிவுரையாளர் கூடவில்லை, ஆய்வுகூடத்தில் ஒரு புதுக் கருவி வரவில்லை. கூடியதெல்லாம் ‘இல்லை’ என்ற பதில் வாங்கிய பிள்ளைகளின் தொகை. எல்லாக் கல்லூரியும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் எண்ணை மட்டும் பார்த்தால் எது இப்படி, எது உண்மையில் நல்லது என்று உங்களுக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது.

அமெரிக்காவில் கல்லூரிகளை வரிசைப்படுத்துவதில் பேர்போனது ‘யு.எஸ். நியூஸ்’. 1983இல் தொடங்கியது. அனுமதி கிடைத்தவர்களில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கணக்கை அது 2003இலும், எத்தனை வீதம் பேரை எடுக்கிறார்கள் என்ற கணக்கை 2018இலும் கைவிட்டுவிட்டது. தம்பி தரம் என்று சொல்லும் 9 சதவீதத்துக்கு அந்தப் பட்டியலில் இப்போது ஒரு புள்ளியும் கிடையாது. கல்லூரிகள் கொடுக்கும் விபரங்களை அப்படியே நம்பியதால் வந்த கதைகளும் உண்டு. 2022இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், தன் பல்கலைக்கழகம் கொடுத்த எண்கள் சரியில்லை என்று தானே ஆராய்ந்து வெளியிட்டார். 2ஆம் இடத்தில் இருந்த கொலம்பியா அந்த ஆண்டே 18க்கு இறங்கியது. ஒரே ஆண்டில் படிப்பா கெட்டது? டெம்பிள் பல்கலைக்கழக வணிகப் பீடத்தின் முன்னாள் பீடாதிபதிக்கு, தரவரிசைக்காகப் பொய் விபரம் கொடுத்த வழக்கில் அதே 2022இல் 14 மாதச் சிறை.

உலகத் தரவரிசை வேறு விதம். ‘கியூ.எஸ்.’ பட்டியலில் 30 சதவீதம் கல்வியாளர்களிடம் கேட்கும் அபிப்பிராயம், 15 சதவீதம் தொழில் கொடுப்போரின் அபிப்பிராயம். ஏற்கெனவே பேர் எடுத்த இடத்துக்கு மேலும் பேர் சேரும் ஏற்பாடு அது. போர் நடந்த காலத்தில் 1995இல் உருவான தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தை, அதாவது உங்கள் மகனின் ஒலுவில் கெம்பசைப் பற்றி இலண்டனிலோ தோக்கியோவிலோ ஒரு பேராசிரியர் என்ன அபிப்பிராயம் வைத்திருப்பார்? உங்கள் மகள் படித்த கிழக்குப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1990இல் அதன் வந்தாறுமூலை வளாகம் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அகதி முகாமாக இருந்தது. அங்கிருந்து கூட்டிச் செல்லப்பட்டு இன்று வரை திரும்பாதவர்களின் தாய்மார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படி ஓர் இடம் மறுபடி எழுந்து பட்டதாரிகளை அனுப்பிக்கொண்டிருப்பதை அளக்க எந்தப் பட்டியலிலும் இடமில்லை. நம் பல்கலைக்கழகங்களில் குறை இல்லை என்று நான் வாதாட வரவில்லை. வேலைநிறுத்தத்தால் படிப்பு இழுபடுவதும் பகிடிவதையும் உண்மை. அதை வைத்து ஒலுவில் வேண்டாம் என்று நீங்கள் எழுதியிருந்தால் உட்கார்ந்து பேசலாம்.

அத்தோடு, ஆட்களைத் திருப்பி அனுப்புவதுதான் தரம் என்றால் நம் நாட்டிலேயே அது தாராளமாக நடக்கிறது. உயர்தரத்தில் தகுதி பெறுவோரில் பாதிப் பேருக்குக்கூட அரச பல்கலைக்கழகத்தில் இடமில்லை. திறமை அடிப்படையில் 40 சதவீதம், மாவட்ட அடிப்படையில் 55 சதவீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 சதவீதம் என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றை ஒப்பிடக் கணிக்கும் புள்ளி) பார்த்துப் பிரிக்கிறது. எந்தக் கெம்பசும் தன் பேரை உயர்த்த ஆட்களை விண்ணப்பிக்க வைத்துத் திருப்பி அனுப்ப முடியாது. அந்த இடம் உங்கள் மகனுக்குக் கிடைத்திருக்கிறது. அவன் போகாவிட்டால் காலத்தோடு அறிவிக்க வேண்டும், ஒரு புள்ளி வித்தியாசத்தில் வெளியே நிற்கும் இன்னொரு பிள்ளைக்கு அது போகும். இரண்டு கதிரையில் ஒரே நேரம் உட்கார நினைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

எடுத்தால் கட்டாயம் வருவோம் என்ற அந்தப் பத்திரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கையெழுத்து உங்களுடையது. முன்கூட்டிய அனுமதியில் எடுத்துவிட்டால் மற்ற எல்லா விண்ணப்பத்தையும் மீளப் பெற வேண்டும். அதிலிருந்து விலகுவதற்குப் பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் காரணம் ஒன்றுதான்: கேட்ட பண உதவி போதவில்லை என்பது. உங்கள் மகன் உதவியே கேட்கவில்லை என்றால் அந்த வாசலையும் நீங்களே பூட்டுகிறீர்கள். முதல் வருடம் கேட்காத வெளிநாட்டு மாணவன் பிறகும் கேட்க முடியாது என்ற விதி பல கல்லூரிகளில் உண்டு. வாய்ப்புக் கூடும் என்று தம்பி சொன்னது பல இடங்களில் சரிதான். ஏன் கூடுகிறது? முழுக் காசையும் கட்டி, கட்டாயம் வந்தும் சேரும் பிள்ளை அவர்களுக்கு வசதி. ஓய்வுபெற்ற இலிகிதரின் மகன், உதவி தேவையில்லை என்று எழுதினால் அது உண்மையா? பிள்ளையின் படிப்பு ஒரு பொய்யில் தொடங்குவதை நீங்கள் விரும்புகிறீர்களா?

காசைப் பாருங்கள். அங்கே பல தனியார் கல்லூரிகளில் ஓர் ஆண்டுக்கான மொத்தச் செலவு 80,000 டொலருக்கு மேல். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் இரண்டரைக் கோடி கிட்ட. நாலு வருடம் பத்துக் கோடி. வீசாவுக்கு முதல் வருடக் காசைக் காட்டினால் போதும் என்பதால் உங்கள் வீட்டில் எல்லாரும் முதல் வருடத்தை மட்டும் பேசுகிறீர்கள். இரண்டாம் வருடத்துக்கு எந்த வீடு? மாணவர் வீசாவில் தவணைக் காலத்தில் வளாகத்துக்குள் கிழமைக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்தச் சம்பளத்தில் சாப்பாடு நடக்கும், கட்டணம் நடக்காது.

உங்கள் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன், இதை அவருக்கு அனுப்புங்கள். தாய்மாமன் என்றால் மருமகனுக்கு மட்டும் மாமன் இல்லை. மருமகளின் கலியாணத்தில் முன்னுக்கு நிற்க வேண்டியவரும் அவர்தான். அவளுடைய வீடு ஈட்டுக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியுமா? தெரியாமல் இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள். தெரிந்தும் பேசாமல் இருந்தால், அவர் சொல்லும் எந்தக் கல்லூரியின் பேரையும் நான் காதில் வாங்கத் தயாரில்லை.

மகனுக்கு அமெரிக்க ஆசை உண்மையிலேயே இருந்தால் (அவனுடைய விருப்பமும் உங்கள் கடிதத்தில் இல்லை) நேர் வழி இருக்கிறது. கட்டுப்படுத்தும் கையெழுத்து இல்லாமல், உதவி வேண்டும் என்று வெளிப்படையாக எழுதி, வழமையான காலத்தில் விண்ணப்பிக்கட்டும். வெளிநாட்டு மாணவரின் பணத் தேவையைப் பார்க்காமல் தெரிவுசெய்து, தேவையான முழு உதவியும் கொடுக்கும் இடங்கள் சில உண்டு: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., அம்ஹெர்ஸ்ட், டார்ட்மவுத், போடின். கிடைப்பது கடினம், ஆனால் கேட்பதற்கு வீடு தேவையில்லை. மற்றக் கல்லூரிகள் என்றால், ‘கொமன் டேட்டா செட்’ என்ற ஆண்டு அறிக்கையைத் தம்பி தேடி எடுக்கட்டும். பெரும்பாலான கல்லூரிகள் வெளியிடுகின்றன. வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்கு எவ்வளவு உதவி கொடுத்தார்கள் என்று அதில் ஒரு பகுதி இருக்கும். அந்தப் பக்கத்தை உங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒலுவிலில் பொறியியல் முடித்து, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் உதவியாளர் வேலையோடு கட்டணமும் இல்லாமல் முதுமாணிக்கோ கலாநிதிக்கோ அமெரிக்காவுக்குப் போகலாம். நம் அரச பல்கலைக்கழகங்களில் இருந்து ஆண்டுதோறும் பிள்ளைகள் அப்படிப் போகிறார்கள்.

இந்தக் கிழமை நீங்கள் செய்ய வேண்டியது வேறு. மகள் பாடசாலை விட்டு வந்ததும் உட்காரவைத்து, வீட்டை என்ன செய்ய நினைத்தீர்கள் என்று முழுதாகச் சொல்லுங்கள். “என் தம்பிக்காகத்தானே, பரவாயில்லை” என்று அவள் உடனே சொல்வாள். அப்படி வளர்த்திருக்கிறீர்கள். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகாதீர்கள். நொத்தாரிசிடம் போய், உங்களுக்கும் கணவருக்கும் சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும் வரை வீட்டில் இருக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு, நன்கொடை உறுதி முடித்து வீட்டை அவள் பேருக்கு எழுதுங்கள். ஒலுவில் கடிதத்தில் பதிவுக்குப் போட்டிருக்கும் திகதியையும் பாருங்கள், அது நவம்பர் வரை காத்திருக்காது.