ஊர்த் தியேட்டர் கணக்கு: நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

காவிரி டெல்டாவில் ஒரு பேரூராட்சி. ஒற்றைத் திரை, 412 சீட், ஒரு நாளைக்கு நாலு காட்சி. அப்பா நடத்தியதை 1996லிருந்து நான் நடத்துகிறேன். தியேட்டர் நடத்துவது பற்றியும் கூட்டத்தைக் கணக்கு வைப்பது பற்றியும் கேளுங்கள் என்று சொன்னாலும் சொன்னேன், குவிந்துவிட்டது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நடிகர் சண்டைக் கேள்விகளை விட்டுவிட்டேன்.

கேள்வி: அண்ணே, எங்கள் ஊரில் மூடிக்கிடக்கும் தியேட்டரை லீசுக்கு எடுக்கலாம் என்று இரண்டு நண்பர்கள் யோசிக்கிறோம். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

திரையையும் சவுண்டையும் பார்க்கப் போவீர்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். முதலில் படம் ஓட்டுவதற்கான சி ஃபார்ம் லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். 1955ஆம் வருடச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி கலெக்டர் ஆபீஸ் தருவது அது. அதைப் புதுப்பிக்கக் கட்டட உறுதிச் சான்று, மின்சார ஆய்வாளர் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று என்று வரிசையாகக் கேட்பார்கள். இரண்டு வருடம் பூட்டிக்கிடந்த கட்டடம் என்றால் கூரையும் வயரிங்கும்தான் உங்கள் பணத்தை முதலில் தின்னும். அப்புறம் கரண்ட் பாக்கி, உள்ளாட்சி வரி பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

இன்னொன்று. லீஸ் பேசுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, படம் பார்க்க ஜனம் எந்த ஊருக்குப் போகிறது, எதில் போகிறது என்று பாருங்கள். பக்கத்து டவுனில் ஏசி ஹால் இருந்து பைக்கில் இருபது நிமிடத்தில் போய்விட முடியும் என்றால் நீங்கள் போட்டி போடுவது அந்த ஹாலோடு. பழைய தியேட்டரில் அந்தக் காலத்தில் எவ்வளவு கூட்டம் வந்தது என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு ரசியுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: டிசிஆர் என்கிறார்களே, அது என்ன? உண்மையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள், எனக்கும் பிடித்த விஷயம். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

டிசிஆர் என்பது தினசரி வசூல் தாள். ஒவ்வொரு காட்சிக்கும், ஒவ்வொரு வகுப்புக்கும் டிக்கெட் தொடக்க எண், முடிவு எண், விற்றது, விலை, மொத்தம், வரி, வரி போக மிஞ்சும் நெட். பால்கனி 24,601ல் தொடங்கி, காட்சி முடிந்தபோது அடுத்து விற்க வேண்டிய டிக்கெட் 24,688 என்றால் விற்றது 87. கீழே 11,240ல் தொடங்கி 11,293 என்றால் 53. ஆக 140 டிக்கெட். விநியோகஸ்தர் அனுப்பிய ரெப், அதாவது அவர் ஆள், இதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். இப்போது கம்ப்யூட்டர் டிக்கெட் வந்து தாளையே மெஷின் அடித்துத் தருகிறது, ஆனாலும் கணக்கு இதேதான்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இது விற்ற டிக்கெட்டின் கணக்கு. உள்ளே உட்கார்ந்திருக்கும் தலைகளின் கணக்கு வேறு. இரண்டும் ஒன்று என்று நினைத்து நான் ஐந்தாறு வருடம் ஏமாந்திருக்கிறேன்.

எங்கள் ஸ்டாண்டில் பைக்குக்கு டோக்கன் கொடுப்போம். சும்மா ஒரு பழக்கமாக டோக்கன் எண்ணிக்கையையும் டிசிஆர் பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். சில மாதத்தில் ஒரு விகிதம் தெரிந்தது: எங்கள் ஊரில் 100 டிக்கெட் விற்றால் 45 பைக் நிற்கும், இரண்டு மூன்று கூடக் குறைய. ஒரு ஞாயிறு இரவுக் காட்சி, டிக்கெட் 142, டோக்கன் 97. இத்தனை பைக்குக்கு இருநூறு பேராவது உள்ளே இருக்க வேண்டுமே என்று உறுத்தியது. படம் தொடங்கி அரை மணி கழித்து டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் வரிசை வரிசையாக எண்ணினேன். 203 பேர். கைக்குழந்தைகளைச் சேர்க்கவில்லை. அறுபத்தொரு பேர் எப்படி உள்ளே வந்தார்கள்? வாசலில் டிக்கெட்டைக் கிழிக்காமல் வாங்கிச் சட்டைப்பையில் போட்டு, மறுபடி கவுன்டருக்கே அனுப்பி, அதையே அடுத்த ஆளுக்கு விற்றிருக்கிறார்கள். பல வருடம் என்னோடு வேலை பார்த்தவர்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மனமில்லை.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் மூன்று எண் எழுதுகிறேன்: டிக்கெட், தலை, டோக்கன். கிழித்த பாதியை வாசலிலேயே கம்பியில் குத்தி வைக்கச் சொல்லிவிட்டேன். தலை எண்ணும்போது ஒரு சின்ன உபாயம்: கூட்டம் குறைவாக இருந்தால் ஆளை எண்ணுங்கள், நிறைய இருந்தால் காலி சீட்டை எண்ணி மொத்தத்தில் கழியுங்கள். இன்டர்வெல்லில் எண்ணவே எண்ணாதீர்கள், பாதிப் பேர் வெளியே சமோசாவோடு நிற்பார்கள்.

சதவீதம் கேட்டவர்களுக்கு: 412 சீட், நாலு காட்சி, ஆக ஒரு நாளைக்கு 1,648. அன்று மொத்தம் 394 பேர் என்றால் 24 சதவீதம் கூட இல்லை. சாதாரண வாரநாளில் இது எனக்குத் திருப்தியான எண், சிரிக்காதீர்கள்.

கேள்வி: சார், நான் ஆன்லைன் சீட் மேப் பார்த்து வசூல் கணக்குப் போடுகிறேன். உங்களைப் போன்ற தியேட்டர்களுக்கும் அது சரியாக வருமா?

வராது தம்பி. எங்கள் ஊரில் பாதிக்கு மேல் கவுன்டரில் வாங்குகிறவர்கள், அது உங்கள் மேப்பில் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு, ரசிகர் மன்றத்துக்காரர்களுக்கு ஒதுக்கியது, கவுன்டருக்கென்று நிறுத்தி வைத்தது எல்லாம் விற்ற சீட் மாதிரியே மேப்பில் தெரியும். நீங்கள் அதைப் பார்த்து ‘ஃபாஸ்ட் ஃபில்லிங்’ என்று போடுவீர்கள், நான் இங்கே ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன்.

நம் நாட்டில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று யாரும் அதிகாரபூர்வமாக வெளியிடுவதில்லை, அதனால்தான் போஸ்டரில் கோடி கோடியாக வருகிறது. தென் கொரியாவில் அரசு சார்ந்த திரைப்படக் கழகம் கோபிஸ் என்று ஒன்று நடத்துகிறது. தியேட்டர்களின் டிக்கெட் கணக்கு அதில் சேர்ந்து, எந்தப் படத்துக்கு எத்தனை பேர் என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கே ஒரு கோடிப் பேர் பார்த்தார்கள் என்றால் பேசுவது டிக்கெட் எண்ணிக்கையை. இங்கே அது வந்தால் என்னைப் போன்ற சின்ன ஆட்களுக்கு நல்லது, பெரிய ஆட்கள் விடுவார்களா என்பது வேறு.

கேள்வி: கணக்கைக் குறைத்துக் காட்டும் தியேட்டர்கள் இருக்கிறார்களாமே?

இருந்தார்கள். பழைய கேளிக்கை வரிக் காலத்தில் சின்ன ஊர்களுக்குக் காம்பவுண்டிங் என்று ஒரு முறை உண்டு, டிக்கெட்டை எண்ணாமல் மொத்தமாக ஒரு தொகை கட்டுவது. எண்ணிப் பார்க்கும் பழக்கமே அப்போது பல இடத்தில் போய்விட்டது. இப்போது கஷ்டம். டிஜிட்டல் சர்வர் எந்தப் படம், எந்த நாள், எத்தனை மணிக்கு ஓடியது என்று லாக் வைத்திருக்கும். படத்தைத் திறக்கும் கீ, அதாவது கேடிஎம், இந்த சர்வருக்கு, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்று பூட்டித்தான் வரும். காட்சியை மறைக்க முடியாது. ஆளை மறைக்கலாம், ஆனால் விநியோகஸ்தருக்கு ஒருமுறை சந்தேகம் வந்தால் அடுத்த நல்ல படம் பக்கத்து ஊருக்குப் போகும். நாலு டிக்கெட்டுக்காக அதை இழக்கிறவன் வியாபாரியே இல்லை.

கேள்வி: பெரிய படம் போட்டால் உங்களுக்கு எவ்வளவு நிற்கும்?

வரி போக நெட் ஒரு லட்சம் என்று வையுங்கள். முதல் வாரம் விநியோகஸ்தர்கள் 60, 65 சதவீதம் என்று கேட்பார்கள், மிகப் பெரிய படம் என்றால் 70. எனக்கு முப்பதோ நாற்பதோ ஆயிரம். அதில் கரண்ட், சம்பளம், டிஜிட்டல் வாடகை, போஸ்டர். எம்ஜி, அதாவது மினிமம் கேரண்டித் தொகை, கொடுத்து எடுத்துவிட்டால் படம் படுத்தாலும் அந்தப் பணம் போனதுதான், திரும்ப வராது. அட்வான்ஸ் என்றால் பேச்சுப்படி மிச்சம் திரும்ப வர வேண்டும். “வர வேண்டும்”, அவ்வளவுதான் சொல்வேன்.

மூன்று நாளில் காலியாகும் பெரிய படத்தைவிட, குடும்பமாக வந்து இரண்டு வாரம் நிற்கும் சின்னப் படம் எனக்கு அதிகம் தந்திருக்கிறது. கணக்கு நோட்டு இருக்கிறது, காட்டுவேன்.

கேள்வி: நூறு ரூபாய்க்குள் இருக்கும் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி குறைந்தும் விலை ஏன் குறையவில்லை?

நான் குறைத்தேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது நூறு ரூபாய் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 28. 2019 ஜனவரியில் 12, 18 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் நூறு வரை 5, அதற்கு மேல் அதே 18. என் டிக்கெட் அடிப்படை விலை 80 என்றால் வரி 9.60லிருந்து 4 ரூபாய்க்கு இறங்கியது. 5.60 குறைய வேண்டும், சில்லறைக்கு எங்கே போவேன், ஐந்து ரூபாய் குறைத்தேன். அறுபது பைசாவுக்கு என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். இதற்கு மேல் உள்ளாட்சி கேளிக்கை வரி தனி, அதை எல்லாரும் மறந்துவிடுகிறீர்கள். 2017ல் இரண்டு வரியும் ஒன்றாக விழுந்தபோதுதான் தமிழ்நாடு முழுக்க நாலு நாள் தியேட்டரை மூடினோம்.

கேள்வி: காலைக் காட்சிக்கு ஒன்பது பேர் வந்தால் ஏசி போடுவீர்களா?

போடுவேன், ஒரு மெஷின் மட்டும். எல்லாரையும் நடுவில் உட்காரச் சொல்வேன். எனக்கு ஒரு காட்சியின் கரண்ட் செலவுக்கு 23 தலை வேண்டும், அதற்குக் கீழே போனால் நஷ்டம்தான். உங்கள் தியேட்டருக்கு அந்த எண் என்ன என்று ஒரு மாத பில்லை வைத்துப் போட்டுப் பாருங்கள், வேறு எதுவும் எழுதாவிட்டாலும் இந்த ஒன்றைச் சுவரில் எழுதுங்கள். மூன்று பேருக்குக் குறைந்தால் பணத்தைத் திருப்பித் தந்துவிடுவோம். அதையும் நோட்டில் எழுதுவேன்.

கேள்வி: சீட்டைக் குறைத்தது ஏன்? முன்பு பெரிய தியேட்டராமே?

730 இருந்தது. ஆசியாவிலேயே பெரியது என்று பேர் வாங்கிய மதுரை தங்கம் தியேட்டரே இரண்டாயிரத்துக்கு மேல் சீட் வைத்திருந்தும் நிற்கவில்லை, நான் எம்மாத்திரம். நோட்டைப் பார்த்தேன். ஒரு வருடத்தில் 400ஐத் தாண்டிய காட்சிகள் பதினாறு. அந்தப் பதினாறுக்காக மிச்ச நாளெல்லாம் முந்நூறு நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருப்பானேன்? கால் நீட்ட இடம் விட்டு மாற்றினோம். பால்கனிக்கு ஆள் கூடியது.

கேள்வி: அப்படி நோட்டில் என்னதான் எழுதுகிறீர்கள்?

தேதி, காட்சி, மூன்று எண், அப்புறம் கடைசியில் ‘ஏன்’ என்று ஒரு கட்டம். முகூர்த்தம், நடவு, ரேஷன் கடையில் சர்க்கரை, மாரியம்மன் கோயில் தீமிதி, ஐபிஎல்லில் சென்னை ஆட்டம், ஐப்பசி மழை, பத்தாம் வகுப்புப் பரீட்சை, கரண்ட் போனது. கூட்டம் குறைந்தால் படத்தின் மேல் பழி போடுவது சுலபம். எங்கள் பக்கம் சம்பா அறுவடை முடிந்து கையில் காசு வரும் தை, மாசியில் சுமாரான படமும் ஓடும். நடவு சமயத்தில் மாட்னி காலி, ஆனால் இரவுக் காட்சி கொஞ்சம் தேறும். இது எனக்கு இரண்டு வருடம் எழுதிய பிறகுதான் தெரிந்தது, அதுவரை மாட்னிக்கு வீணாக மெஷின் ஓட்டினேன். 2020 மார்ச் 17லிருந்து நவம்பர் 9 வரை அந்தக் கட்டத்தில் ஒரே சொல்தான்.

கேள்வி: பாப்கார்ன் விலை?

முப்பது. முறுக்கும் டீயும் இருக்கிறது. இன்டர்வெல் விற்பனையைத் தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள், விலையை ஏற்றிய வாரம் அந்த எண் இறங்கும்.

கேள்வி: என் கணவர் தியேட்டர் வைத்திருக்கிறார். பெண்கள் கூட்டம் வருவதே இல்லை. என்ன செய்யலாம்?

கழிவறையைப் போய்ப் பாருங்கள் அம்மா, நீங்களே போய்ப் பாருங்கள், அவரை அனுப்பாதீர்கள். எங்களிடம் பெண்கள் பக்கம் ஒரு குழாயில் தண்ணீர் வராமல், தாழ்ப்பாள் உடைந்து, ஒரு வருடம் கிடந்தது, எனக்குத் தெரியவே தெரியாது. என் மனைவிதான் ஒருநாள் போய்விட்டு வந்து நாலு வார்த்தை கேட்டாள். டைல்ஸ் போட்டு, கதவு மாற்றி, பக்கெட் தண்ணீருக்கு ஒரு அம்மாவை வேலைக்கு வைத்தோம். அந்த மாதத்திலிருந்து தலை எண்ணும்போது பெண்களைத் தனியாக எண்ண ஆரம்பித்தேன். முதல் வாரம் சாயங்காலக் காட்சியில் பதினொன்று. மூன்று மாதம் கழித்து அதே காட்சியில் நாற்பதுக்குக் குறையவில்லை. படங்கள் மாறிக்கொண்டேதான் இருந்தன. உங்கள் தியேட்டரில் விளக்கு எரிகிறதா, ஸ்டாண்டிலிருந்து வாசல்வரை வெளிச்சம் இருக்கிறதா, இரவுக் காட்சி விட்டதும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து எழுதுங்கள், மிச்சத்தைப் பேசுவோம்.