கோள்களின் பெயரைப் பாடமாக்கிய பிள்ளைக்கு, அவை எங்கே இருக்கின்றன என்று எப்படிக் காட்டுவது?

கல்முனையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: தரம் 4 படிக்கும் மகள் எட்டுக் கோள்களையும் வரிசை தவறாமல் ஒப்புவிக்கிறாள், ஆனால் "அதெல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டால் விழிக்கிறாள். வீட்டில் எப்படி விளங்கவைக்கலாம்?

நான் மட்டக்களப்பில் ஆரம்பப் பிரிவில் கற்பிக்கிறேன். முதலில் புத்தகத்தை மூடிவிட்டு மகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். புத்தகப் படத்தில் கோள்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. தாளில் அவ்வளவுதான் இடம். பிள்ளையோ அதுதான் உண்மை என்று நினைத்துவிடுகிறது.

மணலில் ஓர் உதைபந்தை வையுங்கள். அது சூரியன். இந்த அளவுக்குப் பூமி ஒரு கடுகு. பந்திலிருந்து ஏறக்குறைய 24 மீற்றர் தள்ளி அந்தக் கடுகை வைக்க வேண்டும். நிலா ஒரு மணல் துகள், கடுகிலிருந்து வெறும் 6 சென்ரிமீற்றரில். மனிதர் இதுவரை கால்வைத்த ஆகத் தூரமான இடம் அதுதான்! வியாழனுக்கு ஒரு பெரிய போளை எடுத்துக்கொண்டு பந்திலிருந்து 120 மீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டும். கடைசிக் கோளான நெப்டியூன் ஒரு கடலை விதை அளவு, ஆனால் 700 மீற்றருக்கு அப்பால். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் பந்து தெரியாது. வெயில் ஏறுமுன் போங்கள், வழியில் மற்றக் கோள்களை அவளே வைக்கட்டும். இந்த நடை முடிந்ததும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளே மாறிவிடும்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த பாடம். சூரியனுக்குப் பூமி கிட்டப் போனால் வெயில், தூரப் போனால் குளிர் என்று பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் நம்புகிறார்கள். பூமி சூரியனுக்கு ஆகக் கிட்ட வருவது ஜனவரித் தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீற்றரில். அப்போது நமக்கு மாரி, வாடைக்காற்று. ஆகத் தூரம் போவது ஜூலைத் தொடக்கத்தில், 15.2 கோடி கிலோமீற்றருக்கு. கச்சான் அடித்து நிலம் காயும் காலம் அது. ஆகவே காரணம் தூரமல்ல. பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால்தான் வெயில் நேராக விழும் இடம் ஆண்டு முழுவதும் வடக்கும் தெற்குமாக நகர்கிறது, காற்றின் திசையும் அதோடு மாறுகிறது.

இதை முற்றத்திலேயே காட்டலாம். சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன், ஏப்ரல் 9ஐ ஒட்டிய நாட்களில், நண்பகல் 12 மணி கடந்து ஐந்து நிமிடமளவில் ஒரு கம்பை நிமிர்த்தி நட்டுப் பாருங்கள். நிழல் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். செப்டெம்பர் தொடக்கத்திலும் ஒரு தடவை இப்படி வரும். லண்டனில் இருக்கும் பிள்ளைக்கு இது ஒருநாளும் கிடைக்காது.

கோள்களைக் கண்ணாலும் காட்டுங்கள். புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஐந்துக்கும் தொலைநோக்கி தேவையில்லை. வெள்ளி விடியுமுன் கடல் பக்கம் தெரியும், அல்லது பொழுதுபட்ட பிறகு வயல் பக்கம். நடுச்சாமத்தில் நமக்குத் தெரியாது, ஏனென்றால் அது நம்மைவிடச் சூரியனுக்குக் கிட்ட ஓடும் கோள். நிலாவுக்குப் போயா தினம் போதும். பின்னேரம் கடலிலிருந்து அது எழும்புவதைப் பார்க்கட்டும்.

கடற்கரையில் நின்றால் சுனாமியைப் பற்றிக் கட்டாயம் கேட்பாள். நம் பகுதியில் அந்த இழப்பு இல்லாத குடும்பம் குறைவு, அதனால் பலர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள். பூமியின் மேலோடு பல தட்டுகளாக உடைந்திருக்கிறது, அவை ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் நகர்கின்றன, 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகே ஒரு தட்டு மற்றதன் கீழே சறுக்கியதில் கடலடி திடீரென்று எழும்பியது என்று சொல்லுங்கள். தரம் 4 பிள்ளைக்கு இது விளங்கும். ஒன்றை மட்டும் திருத்திச் சொல்லுங்கள்: கடல் உள்வாங்கிய பிறகுதான் அலை வரும் என்பது எப்போதும் சரியல்ல. அன்று தாய்லாந்துப் பக்கம் முதலில் கடல் உள்வாங்கியது, நம் பக்கம் முதலில் வந்ததே அலைதான். எச்சரிக்கை கேட்டால் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே கரையை விட்டு ஓட வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.