மும்பையில் வளர்ந்த தமிழர்கள் பலர் பழைய தமிழ்ப் படங்களைப் பார்க்காதது ஏன்?

இதற்குக் காரணம் ஆர்வக்குறைவு அன்று, வாய்ப்பின்மையே என்பது என் கணிப்பு. 1993-இல் சன் தொலைக்காட்சி தொடங்கும் வரை, இந்நகர வீடுகளில் தூரதர்ஷன் வழியே வந்த வார இறுதிப் படம் பெரும்பாலும் இந்திப் படமாகவே இருந்தது. தமிழ்ப் படம் வேண்டுமெனில் மாட்டுங்காவின் அரோரா போன்ற திரையரங்கையோ வாடகை வீடியோ கேசட்டையோ நாட வேண்டியிருந்தது. ஆகவே 1952-இல் வெளியான 'பராசக்தி' பலருக்குப் பெற்றோர் ஒப்பிக்கும் நீதிமன்ற வசனமாக மட்டுமே அறிமுகமாயிற்று. தாராவித் தமிழர்களின் கதையான 'நாயகன்' (1987) கூட, அதன் இந்தி மறுஆக்கமான 'தயாவான்' (1988) வழியாகவே சிலரை எட்டியிருக்கக்கூடும். கமல்ஹாசனின் நடிப்பைத் தவறவிட்டது உண்மையிலேயே இழப்புதான். இப்போது பார்க்கத் தொடங்குபவர், நீண்ட வசனங்கள் நிறைந்த ஐம்பதுகளின் படங்களில் நேரே இறங்காமல், 'நாயகன்' படத்திலிருந்து பின்னோக்கிச் செல்வது எளிது.