குதிகால் மிஷின் சொன்னதை நம்பி ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: நான் ஆண், எனக்கு வயது 63. 16 வருடமாகச் சர்க்கரை. இரவில் இன்சுலின் போடுகிறேன். போன வருடம் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. அப்போது எடுத்த டெக்ஸா ஸ்கேனில் (எலும்பின் அடர்த்தியை அளக்கும் கதிர்ப்படம்) டி-ஸ்கோர் -2.1, பயமில்லை என்றார்கள். இப்போது ஓர் இலவச முகாமில் குதிகாலை மிஷினில் வைத்துப் பார்த்து, எலும்பு தேய்ந்துவிட்டது, வைட்டமின் டி ஊசியும் கால்சியம் பவுடரும் 'பேக்கேஜாக' வாங்குங்கள் என்கிறார்கள். எதை நம்ப?

பதில்: பேக்கேஜை வாங்காதீர்கள். ஆனால் 'பயமில்லை' என்பதையும் நம்பாதீர்கள்.

டைப் 2 சர்க்கரை உள்ளவர்களுக்கு டெக்ஸாவில் எலும்பின் அடர்த்தி நன்றாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் உள்ளே தரம் குறைந்திருக்கும். டி-ஸ்கோர் என்பது உங்கள் எலும்பின் அடர்த்தியை இளம் வயதினருடையதோடு ஒப்பிடும் எண்; பூஜ்யத்துக்குக் கீழே போகப் போக எலும்பு மெலிவு என்று பொருள். வழக்கமாக -2.5-ஐத்தான் நோய் என்பார்கள். உங்களைப் போன்றவர்கள் -2.5 வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, -2.0 வந்தாலே கவனிக்க வேண்டும். அதிலும் நின்ற நிலையில் விழுந்ததற்கே உங்களுக்கு எலும்பு முறிந்திருக்கிறது. கட்டுப் போட்டவர் சர்க்கரையைப் பற்றிக் கேட்கவில்லை, சர்க்கரை பார்ப்பவர் எலும்பைப் பற்றிக் கேட்கவில்லை. எலும்பு மெலிவு பெண்களுக்கு மட்டும்தான் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. இடுப்பு முறிந்தபின் இறப்பது பெண்களைவிட ஆண்களிடம்தான் அதிகம். இதை எத்தனை முறை சொல்வது!

குதிகால் மிஷின் கதிர்ப்படமே இல்லை, அல்ட்ராசவுண்ட். அதை வைத்து நோயை உறுதி செய்யவும் முடியாது, மருந்து தொடங்கவும் கூடாது. பல முகாம்களில் அந்த மிஷினைக் கொண்டுவருபவரே மருந்து விற்பவர். அவருக்கு எல்லோர் எலும்பும் தேய்ந்துதான் தெரியும். இரத்தத்தில் அளவு பார்க்காமல் 6 லட்சம் யூனிட் வைட்டமின் டி ஊசியை ஒரேயடியாகப் போடுவதும் வேண்டாம். பெரிய டோஸ் கொடுத்ததில் கீழே விழுவது அதிகமானதாக ஆய்வே உண்டு.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: சிறுநீரகம். 16 வருடச் சர்க்கரையில் அது பாதிக்கப்பட்டிருக்கலாம். கிரியேட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் அளவு) 35-க்குக் கீழே போனால், எலும்பு மெலிவுக்குக் கொடுக்கும் ஜோலெட்ரோனிக் ஊசி கூடாது, அதே வகை அலெண்ட்ரோனேட் மாத்திரையும் பரிந்துரைக்கப்படுவதில்லை. கால்சியம் பவுடரைக்கூட சிறுநீரக டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். கிரியேட்டினின் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் எலும்புக்கு ஊசி போட வருகிறவரிடம் கையை நீட்டாதீர்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? டெக்ஸா, எலும்பு முறிவு ரிப்போர்ட்டுகளோடு நாளமில்லாச் சுரப்பி (ஹார்மோன்) நிபுணரைப் பாருங்கள். வைட்டமின் டி, கால்சியம், கிரியேட்டினின், டெஸ்டோஸ்டிரோன், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவரானால் பி12 என எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் சர்க்கரை இறங்கித் தள்ளாடுகிறதா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படியானால் முதலில் மாற வேண்டியது இன்சுலின் அளவு. குளியலறையில் ஒரு கைப்பிடியை இந்த வாரமே பொருத்திவிடுங்கள்.