பதில்: மாடல் புல்லுக்கு மேலே மிதக்கிறது, என்ன செய்ய?

இங்கிலாந்தின் கோல்செஸ்டரில் இருந்த ரோமன் தேரோட்டத் திடலை, மொபைல் கேமராவில் தெரியும் நிலத்தின் மேல் முப்பரிமாண மாடலாக எழுப்பிக் காட்டினால், தொடக்க வாயில் பக்கம் சரியாக நிற்கிறது, மறுமுனை மட்டும் பக்கத்து வீடுகளுக்குள் நுழைகிறது என்று எழுதியிருந்தீர்கள். குற்றவாளி ஜிபிஎஸ் இல்லை, திசைகாட்டி. ஜிபிஎஸ் தப்பினால் முழு மாடலும் ஐந்தாறு மீட்டர் நகரும், அவ்வளவுதான். திசை 5 டிகிரி பிசகினால் 400 மீட்டர் தள்ளி கிட்டத்தட்ட 35 மீட்டர் விலகிவிடும். உங்கள் திடலோ சுமார் 450 மீட்டர் நீளம்!

அதனால் திசைகாட்டியை நம்பாதீர்கள். பார்வையாளரை வாயில் பக்கம் ஒரு குறித்த இடத்தில் நிற்கச் சொல்லி, தூரத்தில் தெரியும் ஏதாவது கட்டடத்தை நோக்கித் திரையில் உள்ள கோட்டைப் பொருத்த வையுங்கள். இடமும் திசையும் ஒரே அடியில் சரியாகிவிடும். மிதப்பதற்குக் காரணம் வேறு: ஜிபிஎஸ் தரும் உயரத்தை எடுக்காமல், கேமரா கண்டுபிடிக்கும் தரைமட்டத்தையே எடுங்கள்.

அப்புறம் ஒன்று, கேட்காமலே சொல்கிறேன். 2004-இல் அங்கே கிடைத்தவை பெரும்பாலும் அடித்தளங்கள்தான். இருக்கை வரிசைகளை இவ்வளவு பளபளப்பாகக் கட்டினால் எல்லாமே நிரூபணமானது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அகழ்ந்து கண்டதைத் திடமாகவும், ஊகித்ததைக் கண்ணாடி போலவும் காட்டுங்கள்.

அதே ஊரில் ரோமப் பேரரசர் கிளாடியஸுக்குக் கட்டிய கோயிலையும் சேர்க்கப் போகிறீர்களா? அதன் அடித்தளத்தின் மேல்தான் நார்மன் கோட்டை நிற்கிறது. கீழே உள்ள நிலவறைகளுக்குள் ஜிபிஎஸ் எடுக்காது, ஸ்கேன் செய்து இடத்தை அறிய சுவரில் ஒரு க்யூஆர் அட்டை வைக்க அனுமதி கேட்டுப் பாருங்கள்.