மூணாவது தடவயா மடிநோய், இன்னும் பவரான ஊசி எது?

கேள்வி: டாக்டர் ஐயா, ஜெர்சி கிராஸ் மாடு, ரெண்டாம் ஈத்து. இடது பின்காம்புப் பக்கம் ரெண்டு மாசத்துல மூணாவது தடவயா கல்லு மாதிரி ஆயிருச்சு, பால் திரிதிரியா வருது. மெடிக்கல்ல ஊசி வாங்கி ரெண்டு நாள் போட்டா கொறையுது, திரும்ப வருது. இதவிட பவரான ஊசி சொல்லுங்க.

பதில்: அண்ணே, ஊசிப் பேரு இப்ப சொல்லமாட்டேன், கோவிச்சுக்காதீங்க. இப்படி விட்டு விட்டு வருதுன்னா ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் (சுருக்கமா ஸ்டெப்) கிருமியாத்தான் இருக்கும்னு எனக்கு சந்தேகம். அது மடிக்குள்ள சின்னச் சின்ன சீழ்க்கட்டியா கட்டிக்கும், சுத்தி நாரு மாதிரி தடிச்சுப் போயிரும், மருந்து உள்ள சரியா எட்டாது, போதாததுக்கு பென்சிலின உடைச்சுப் போடற என்சைம் வேற நெறைய ஸ்டெப்கிட்ட இருக்கு. நீங்க ரெண்டு நாள்ல நிறுத்தறப்ப செத்தது இளச்ச கிருமி, தாக்குப்புடிச்சதுதான் மறுபடி பெருகுது. மனுசங்க வைத்தியத்துலயும் இதே கததான், பென்சிலினுக்கு அடங்காத ஸ்டெப்புக்குன்னு 1959ல மெத்திசிலின் வந்துச்சு, 1961லயே இங்கிலாந்துல அதுக்கும் அடங்காத ஸ்டெப்ப கண்டுபுடிச்சுட்டாங்க.

அதனால மொதல்ல பால் டெஸ்ட். அடுத்த ஊசி போடறதுக்கு முன்னாடியே எடுக்கணும். கையக் கழுவி, காம்பு நுனிய ஸ்பிரிட் பஞ்சால நல்லா தொடச்சு, மொத நாலஞ்சு பீச்சு வேற பாத்திரத்துல விட்டுட்டு, லேப்ல குடுக்கற ஸ்டெரைல் பாட்டில சாய்ச்சுப் புடிச்சு கொஞ்சம் பீச்சுங்க, ஐஸ் வச்சு அன்னிக்கே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து லேபுக்கோ குடுத்துருங்க, கடைசியா எப்ப என்ன ஊசி போட்டீங்கன்னும் சொல்லிருங்க. கிருமிய தட்டுல வளத்து மேல மருந்து வில்லைங்கள வைப்பாங்க. எந்த வில்லையச் சுத்தி கிருமி வளராம வெறும் வட்டம் நல்லா அகலமா விழுதோ, அதுல இருந்துதான் டாக்டர் மருந்து எழுதுவாரு. எழுதின நாள் பூரா போடுங்க, வீக்கம் வடிஞ்சுருச்சுன்னு பாதில நிறுத்தாதீங்க. ரொம்ப நாளா கல்லாயிட்ட மடின்னா சரியான மருந்துக்கும் முழுசா கேக்காம போகலாம், அப்ப பால் வத்தவிடற சமயத்துல காம்புக்குள்ள டியூப் மருந்து ஏத்தறது பத்தி அவர்கிட்டயே கேளுங்க.

இந்த மாட்ட கடைசியா கறங்க, நோய்க்காம்ப அதுக்கும் கடைசியா. ஒரு வீட்டுல ஒரே ஈரத்துணியால நாலு மாட்டு மடியையும் தொடச்சாங்க, நாலுக்கும் வந்துருச்சு, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. கறந்ததும் போவிடோன் அயோடின்ல காம்ப முக்கிட்டு தீவனம் வைங்க, அரைமணி நேரம் படுக்காம நிக்கட்டும்.

ஊசி போட்ட பால டாக்டர் சொல்ற நாள் வரைக்கும் சொசைட்டிக்கு ஊத்தாதீங்க, கன்னுக்கும் விடாதீங்க. காய்ச்சினாலும் மருந்து முழுசாப் போகாது, அந்தப் பால்ல ஒற ஊத்துனா தயிரே சரியா தோயாதுண்ணே.