ஓநாயும் பேசட்டும்: கேள்வி பதில்

பழைய கதைகளை வேடிக்கையாக மாற்றிச் சொல்லிப் பிள்ளைகளை வாசிக்க வைப்பது பற்றி, மலேசியாவின் சுங்கை சிப்புட் பெற்றோர் குழுவினர் கேட்டவற்றுக்கு, தமிழ்ப்பள்ளியில் கீழ்வகுப்புகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, மூன்று பன்றிக்குட்டிகள் கதையை ஓநாயே சொல்வதுபோல் மாற்றிச் சொன்னேன். இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன் சிரிக்கவே இல்லை.

பதில்: மூலக்கதை அவனுக்குத் தெரியுமா, அம்மா? வைக்கோல் வீடு, குச்சி வீடு, செங்கல் வீடு என்ற வரிசை மனத்தில் பதிந்து, ஓநாய் ஊதப்போகும் இடத்தை நமக்கு முன்பே பிள்ளை சொல்லிவிடும் அளவுக்குக் கதை பழகிய பிறகுதான், அந்த இடத்தில் வேறொன்று வரும்போது சிரிப்பு வரும். ஆகவே முதல் வாரம் கதையை உள்ளபடியே மூன்று முறை சொல்லுங்கள்; அதன் பிறகு ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான் முதலில் வீடுகளை மாற்றினேன்: அத்தாப்பு ஓலைக் குடிசை, தோட்டத்துப் பலகை லயம், கல்வீடு. அடுத்த நாள் ஓநாயை மாற்றினேன். ‘டிங்கிக் கொசுவுக்குப் புகையடிக்க வந்தேன், கதவைத் திறக்கவில்லை, வெளியே நின்றே ஊதினேன்’ என்று அது முறையிட்டதும், கடைசி வரிசைப் பையன் எழுந்து, ‘ஐயா, அது பொய் சொல்கிறது, கையில் புகை இயந்திரமே இல்லையே’ என்றான். கதை சொல்பவரையே சந்தேகிக்கப் பிள்ளை பழகிவிட்டால், நான் வேறென்ன கேட்கப்போகிறேன்?

கேள்வி: ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாமா?

பதில்: மூலக்கதை தெரிந்திருந்தால் சொல்லலாம்.

கேள்வி: அசல் கதையைக் கேலி செய்வது அதைக் கெடுப்பதாகாதா?

பதில்: எந்த அசலை? பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697இல் வெளியிட்ட கதை, சிவப்புத் தொப்பிச் சிறுமியை ஓநாய் விழுங்குவதோடு முடிகிறது. 1812இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்டதில் வேடன் வந்து வயிற்றைக் கிழித்து மீட்கிறான். அவர்களுடைய தவளை இளவரசன் கதையில் முத்தம் கிடையாது; இளவரசி தவளையைச் சுவரில் வீசி எறிகிறாள். நம் நாட்டு மலாய்ப் பிள்ளைகள் அறிந்த இரு சகோதரிகள் கதையில் பாவாங் மேரா நல்லவள், பாவாங் பூத்தே பொல்லாதவள். இந்தோனேசியாவில் அது நேர்மாறு. ஆனாலும் உங்கள் பிள்ளைக்கு ஏதேனும் ஒரு வடிவத்தை முதலில் உறுதியாகக் கொடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுக் கதைகள் எதற்கு? பாட்டி வடை சுட்ட கதை நம்முடையதாயிற்றே!

பதில்: இதே கேள்வியை நால்வர் எழுதியிருக்கிறீர்கள். ஈசாப்புக் கதைகளிலும், 1668இல் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேன் பாடியதிலும் காகத்தின் வாயில் இருந்தது பாலாடைக்கட்டி. அதை வடையாக்கி, மரத்தடியில் ஒரு பாட்டியையும் அடுப்பையும் சேர்த்தது நம்மவர் கைவண்ணம். காகம் வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு ‘கா கா’ என்று பாடியதாக நீங்கள் சொல்வது, அதற்கும் மேல் செய்த வேடிக்கை மாற்றம். ஏமாந்த காகத்தை முதலில் கேட்டிருந்ததால்தானே அதற்குச் சிரித்தீர்கள்?

கேள்வி: மன்னிக்கவும் ஐயா, ஈசாப்பை நான் ஏற்கவில்லை. நம் பக்கத்தில் அதற்கு முன்பே இருந்திருக்கும்.

பதில்: பௌத்த ஜாதகக் கதைகளில் ஒரு காகமும் நரியும் உண்டு, நாவல் பழத்துக்காக நரி புகழ்கிறது, காகமும் திருப்பிப் புகழ்கிறது. முந்தியது எது என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. மூன்றையும் ஒரே வாரத்தில் சொல்லி, என்னென்ன மாறியிருக்கிறது என்று பிள்ளையிடமே கேளுங்கள். குழுவில் நாம் சண்டையிடுவதைவிட அது பயனுள்ளது.

கேள்வி: வகுப்பில் ஒரு பிள்ளை சிற்றன்னையிடம் வளர்கிறாள். சிண்ட்ரெல்லாவைச் சொல்லலாமா?

பதில்: சொல்லுங்கள், ஆனால் சிற்றன்னையைக் கேலிப்பொருள் ஆக்காதீர்கள். அவளுக்குப் பதிலாக அரண்மனைக்காரர்களைக் கேலிப்பொருள் ஆக்குங்கள்: ஊரெல்லாம் செருப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தும், பெண்ணின் பெயரைக் கேட்கத் தோன்றாத இளவரசனைப் பார்த்துச் சிரிக்கட்டும். நிறத்தையும் பருமனையும் வைத்துச் சிரிப்பு மூட்டுவதை நான் வகுப்பில் அனுமதித்ததில்லை.

கேள்வி: ஏழு வயதுக்குப் பொருந்துமா?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: இதனால் கட்டுரையில் புள்ளி கூடுமா?

பதில்: வகுப்பாசிரியரைக் கேளுங்கள்.

கேள்வி: உள்ளபடியே மூன்று முறை சொல்லிவிட்டேன். மாற்றத் தொடங்கினால், ‘சரியாகச் சொல்லுங்கள் அம்மா’ என்று மகள் அழுகிறாள்.

பதில்: நான்காம் முறை சொல்லுங்கள்.